உலகைச் சுமக்கும் பிள்ளைகள்

இளம் வாசகர்களை முன்னிட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாயாலோக நாவல்கள் சிலவற்றை, பழையனவும் புதியனவுமாகக் கலந்து, அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடித்தபோது, அவற்றின் தேசங்களும் தெய்வங்களும் மந்திர விதிகளும் எத்தனை வேறுபட்டிருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வழக்கம் ஓடிக்கொண்டிருப்பது தெளிவாகப் புலப்பட்டது. உலகம் அழியும் தறுவாயில் நிற்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு, மீசை அரும்பாத ஒரு பையன் மீதோ, பள்ளிப் பருவம் கடவாத ஒரு பெண் மீதோ வந்து விழுகிறது. அறிவும் அனுபவமும் உடைய பெரியவர்கள் சுற்றிலும் இருக்க, அவர்களால் ஆகாத காரியத்தை அந்தப் பிள்ளையே செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. சி. எஸ். லூயிஸ் 1950-இல் நார்னியாவின் கதவைத் திறந்ததுமுதல் சூசன் காலின்ஸ் 2008-இல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை வெளியிட்டதுவரை, இடைப்பட்ட காலத்தில் இந்த வழக்கம் ஏறக்குறைய ஓர் இலக்கணமாகவே உறைந்துவிட்டது. இதனால் இந்த இலக்கியத்துக்கு விளைந்த நன்மை எது, தீமை எது என்று நிதானமாக ஆராய்வது, இந்நூல்களை உண்மையாகவே நேசிக்கிற வாசகனின் கடமை என்று கருதுகிறேன்.

வழக்கம் புதிதன்று. விசுவாமித்திர முனிவர் தசரதன் சபைக்கு வந்து, தம் வேள்வியைக் காப்பதற்கு இராமனைத் தரவேண்டும் என்று கேட்கிற கட்டத்தில், பிள்ளை இன்னும் சிறியவன், அவனுக்குப் பதில் நானே வருகிறேன் என்று அந்தத் தந்தை மன்றாடுவதைக் கம்பன் எத்தனை உருக்கமாகக் காட்டியிருக்கிறான்! சக்கர வியூகத்துக்குள் நுழையும் வழியை மட்டும் அறிந்து, வெளியேறும் வழியை அறியாத அபிமன்யுவை உள்ளே அனுப்பிவிட்டு, அவன் பின்னால் செல்ல முடியாமல் தடுக்கப்பட்டு நின்ற தருமனின் மனவேதனையைப் பாரதம் மறைக்கவில்லை. சிறுவனிடம் பெருஞ்சுமையை ஒப்படைப்பது காவியத்துக்கு உகந்த செயல்தான். ஆனால் அப்படி ஒப்படைத்த பெரியவர்கள் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற உணர்வும் அந்தக் காவியங்களில் கூடவே இருந்தது. இன்றைய மாயாலோக நாவல்களை எடைபோடுவதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பதின்பருவத்தில் உள்ள ஒருவனுக்குத் தன் ஒவ்வொரு செயலும் உலகத்தையே புரட்டிவிடக்கூடியது என்று தோன்றுகிறது. வயது முதிர்ந்தவர்கள் அதைப் பேதைமை என்று தள்ளிவிடுகிறார்கள். மாயாலோக நாவலோ அதை மெய்யென்றே ஏற்றுக்கொண்டு, அந்த உணர்ச்சிக்கு உருவமும் களமும் கொடுக்கிறது. இவ்வகையில் அர்சுலா லெ குவின் அம்மையார் 1968-இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ இன்றளவும் என் மதிப்பில் முதலிடத்தில் நிற்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதித் தருமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டபோது, கதைகளில் எப்போதும் நரைத்த தாடியோடு காட்சி தரும் மந்திரவாதிகள் இளமையில் எப்படி இருந்திருப்பார்கள், அந்த வித்தையை எங்கே கற்றிருப்பார்கள் என்று அவர் சிந்திக்கத் தொடங்கியதன் பயனே இந்த நூல். ஆடு மேய்க்கும் சிறுவனாக இருந்து, ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்கு வந்து சேர்ந்த கெட், சக மாணவன் ஒருவனின் ஏளனத்தைப் பொறுக்கமாட்டாமல், தன் ஆற்றலைக் காட்டுவதற்காக இறந்துபோன ஓர் அழகியின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவின் வழியே பெயரில்லாத ஒரு நிழல் உலகத்துக்குள் நுழைந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைவரான முதிய ஆசிரியர் உயிரைவிடுகிறார். அதற்குப் பிறகு நாவல் முழுவதும் கெட் அந்த நிழலுக்கு அஞ்சி ஓடுவதும், பின்னர் திரும்பி அதைத் துரத்துவதும், கடைசியில் கிழக்குக் கடலின் எல்லைக்கு அப்பால் அதை எதிர்கொண்டு, தன் சொந்தப் பெயராலேயே அதை அழைத்து அணைத்துக்கொள்வதுமாகவே நடைபெறுகிறது.

சேனை இல்லை, சிங்காசனம் இல்லை, அழிக்கப்பட வேண்டிய அந்நியனான ஓர் அரக்கனும் இல்லை. தீமை வெளியிலிருந்து வரவில்லை. ஒரு சிறுவனின் கர்வத்திலிருந்து பிறந்தது. ஆகையால் அதைத் தீர்க்கும் பொறுப்பு அவனுடையதாக இருப்பதில் எந்த அநியாயமும் இல்லை. பெரியவர்களும் இங்கே வெறும் அலங்காரப் பொம்மைகள் அல்லர்: ஒருவர் அவன் பிழைக்காக மடிகிறார், அவன் பழைய குருவான ஒஜியன், ஓடுவதை விட்டுத் திரும்பி நில் என்ற ஒரே புத்திமதியை உரிய காலத்தில் கூறுகிறார். சுமையும் அதைச் சுமப்பவனும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய வேறொரு நூலை இந்த வகையில் நான் காணவில்லை.

காலின்ஸின் நாவலில் சுமை வேறு வழியில் வருகிறது. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, இருபத்து நால்வரையும் ஓர் அரங்கில் அடைத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் செய்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறது தலைநகரத்து அரசாங்கம். தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சி ஒன்றையும் இராக் யுத்தச் செய்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கரு உதித்ததாக ஆசிரியை கூறியிருக்கிறார். வாசகர் பலர் அரங்கத்துக் கொலைகளின் பரபரப்பையே பேசுகிறார்கள். என்னை ஆழமாகப் பாதித்தது அதற்கு முன்னால் வருகிற சீட்டுக் கணக்கு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் பெற விரும்பினால், குலுக்கலில் தன் பெயரை இன்னொரு முறை எழுதிப்போட ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். பதினாறு வயதுக் காட்னிஸின் பெயர் அவ்வாறு 20 முறையும், அவள் தோழன் கேலின் பெயர் 42 முறையும் குலுக்கலுக்கான கண்ணாடிக் குடங்களில் கிடக்கின்றன. விதி என்று மேடையில் கொண்டாடப்படுகிற ஒன்று, உண்மையில் பசியினால் சாய்க்கப்பட்ட தராசு என்பதை இவ்வளவு சுருக்கமாக, ஒரு பிரசங்கமும் இல்லாமல் உணர்த்தியது பெரிய சாதனை. பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர் வந்தபோது, அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் தானே முன்வருகிறாள். தெய்வமோ தீர்க்கதரிசனமோ அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னால் வரும் பாகங்களில் புரட்சிக்காரர்களும் அவளை ஒரு சின்னமாக உடுத்தி, ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்தி, தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதையும் ஆசிரியை தயங்காமல் காட்டுகிறார். பிள்ளையைச் சின்னமாக்குகிற வழக்கத்தையே நாவல் விசாரணைக்கு உட்படுத்துகிறது. மூன்றாம் பாகத்தில் போர்க் காட்சிகள் அவசர அவசரமாக நகர்வதும், முக்கியமான மரணங்கள் ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோவதும் குறைகளே. ஆனால் அடிப்படைச் சிந்தனை பழுதற்றது.

இனி, வழக்கத்தின் தீமைக்கு வருவோம். அது தீர்க்கதரிசனம் என்ற உபாயத்தில் தொடங்குகிறது. ஒரு பிள்ளைதான் உலகைக் காப்பான் என்று பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டால், அவன் செய்யும் எந்தத் தேர்வுக்கும் பொருளில்லாமல் போய்விடுகிறது. இந்த ஆபத்தை ஜே. கே. ரௌலிங் அம்மையார் அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய ஹாரி பாட்டர் நூல்களிலேயே சான்று உண்டு: 2003-இல் வந்த ஐந்தாம் பாகத்தில், அந்தத் தீர்க்கதரிசனம் ஹாரிக்கும் பொருந்தக்கூடியது, நெவில் என்ற மற்றொரு மாணவனுக்கும் பொருந்தக்கூடியது என்றும், எதிரி ஹாரியைக் குறிவைத்ததனாலேயே ஹாரி குறிக்கப்பட்டவன் ஆனான் என்றும் பள்ளித் தலைவர் டம்பிள்டோர் விளக்குகிறார். அடுத்த பாகத்தில், எதிரி அதை நம்புகிறான் என்பதைத் தவிர அந்த வாக்குக்கு வேறு வலிமை இல்லை என்றும் அவரே கூறுகிறார். மிக நுட்பமான யோசனை! இதன் பலனாக, கடைசிப் பாகத்தில் ஹாரி தன் மரணத்தை நோக்கி வனத்துக்குள் தனியே நடந்துசெல்லும் அத்தியாயம், எழுதப்பட்ட விதியை நிறைவேற்றுகிறவனின் நடையாக இல்லாமல், அறிந்து விரும்பி ஏற்றுக்கொண்டவனின் நடையாக உயர்ந்து நிற்கிறது. ஏழு பாகங்களிலும் அதற்கு ஈடான பகுதி வேறில்லை.

பிள்ளையைப் பலிக்காகவே வளர்த்த குற்றத்தையும் ரௌலிங் ஒரு கணம் நேருக்கு நேர் பார்க்கிறார். ஹாரியின் ஆசிரியர்களில் ஒருவரான ஸ்னேப், கொல்லப்படுவதற்காகவா இவ்வளவு காலம் அவனைக் காத்தோம் என்ற திகைப்போடு டம்பிள்டோரைக் கேட்கும் இடம் அது. தசரதனின் மன்றாட்டும் தருமனின் வேதனையும் அந்தக் கேள்வியில் ஒலிக்கின்றன. ஆனால் அடுத்துச் சில அத்தியாயங்களிலேயே டம்பிள்டோரின் ஆவி வந்து, கண்ணீரோடு தன் குறைகளைச் சொல்லி மன்னிப்பையும் பெற்றுவிடுகிறது. அந்தக் கேள்வி உரிய பாரத்தோடு நிலைத்து நிற்க இடமில்லாமல் போகிறது.

பெரிய குறை அதற்கும் அப்பால் இருக்கிறது. வீட்டு வேலைக்கு அடிமைகளாக இருக்கும் குறுமானிடர் இனத்தை ரௌலிங் இரண்டாம் பாகத்திலேயே அறிமுகப்படுத்தினார். நான்காம் பாகத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனி அவர்களுடைய விடுதலைக்காக ஒரு சங்கம் அமைத்தாள். மந்திர இனங்கள் எல்லாம் மந்திரவாதிகளை வணங்கி நிற்பதாக அமைக்கப்பட்ட நீரூற்றுச் சிலை ஒரு பொய் என்று ஐந்தாம் பாகத்தில் டம்பிள்டோரே சொன்னார். இவ்வளவு விதைகளைத் தூவிய பிறகு, போர் முடிந்த அன்று, அந்த இனத்தைச் சேர்ந்த கிரீச்சர் என்ற அடிமை தனக்கு ஓர் உணவுப் பண்டம் கொண்டுவந்து தருவானா என்று ஹாரி எண்ணிக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்திய இறுதிக் காட்சியில் குடும்பங்கள் இருக்கின்றன, குழந்தைகள் இருக்கிறார்கள், ரயில் இருக்கிறது. அடிமைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. உலகம் காக்கப்பட்டது, ஆனால் திருத்தப்படவில்லை. ஒரு தீயவனை அகற்றினால் போதும், ஒழுங்கு தானாகவே நல்லதாகிவிடும் என்ற எண்ணத்தை இளம் வாசகனின் மனத்தில் விதைப்பது, இந்த வழக்கத்தின் மிக ஆழமான தீமை என்று உறுதியாக நம்புகிறேன்.

வெற்றிக்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால், பல நூல்களின் தரம் வெளிப்பட்டுவிடும். லூயிஸின் நான்கு குழந்தைகள், லண்டன்மீது நடந்த விமானத் தாக்குதலுக்குத் தப்பி நாட்டுப்புறத்துக்கு வந்தவர்கள். நார்னியாவில் முடிசூடி, பல ஆண்டுகள் அரசாண்டு, வளர்ந்து ஆளாகி, பிறகு அலமாரி வழியாகத் திரும்பி வரும்போது, ஒரு கணமும் கழியாதது போல் மீண்டும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். அத்தனை ஆண்டுகளின் ஆட்சியும் போரும் அவர்களுடைய உள்ளத்தில் என்ன சுவடு விட்டன என்ற வினாவுக்கு விடையே இல்லை. 1956-இல் வந்த கடைசி நூலில் சூசன் என்ற பெண், உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் நாட்டம் கொண்டதாகக் கூறப்பட்டு, நண்பர் கூட்டத்திலிருந்து விலக்கப்படுகிறாள். அரசியாக இருந்தவள் வளர்ந்ததே குற்றமாகிவிட்டது. லூயிஸின் நண்பரான டோல்கீனோ நேர்மாறான பாதையில் சென்றார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் ஃப்ரோடோ வயதால் பிள்ளை அல்லன், உருவத்தால் மட்டுமே சிறியவன். எனினும் வலியவர்கள் சுமக்க அஞ்சியதை எளியவன் சுமக்கிற மரபை 1954-லும் 1955-லும் வெளிவந்த அந்த மூன்று பகுதிகளே பின்வந்தவர்களுக்கு வகுத்துக் கொடுத்தன. அந்த ஃப்ரோடோ நெருப்பு மலையின் விளிம்பில் தோற்கிறான், அழிப்பதற்காகச் சுமந்துவந்த மோதிரத்தைத் தனதென்கிறான். வேறொருவனின் பேராசையால் காரியம் நிறைவேறுகிறது. ஊர் திரும்பியும் அவனுடைய காயம் ஆறவில்லை, காப்பாற்றிய ஊரில் வாழ முடியாமல் கடல் கடந்து போய்விடுகிறான். இரு ஆசிரியர்களும் முதல் உலக மகாயுத்தத்தின் பதுங்கு குழிகளைக் கண்டவர்கள். 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்த டோல்கீன், போரிலிருந்து திரும்பியவனின் மௌனத்தை மறக்காமல் எழுதினார். காட்னிஸுக்கும் அந்த நேர்மை கிட்டியிருக்கிறது: தாயான பின்னும் கனவில் அலறுகிறாள்; தான் கண்ட நற்செயல்களை ஒவ்வொன்றாக மனத்தில் எண்ணியே தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறாள்.

சுமையைத் தொழிலாக மாற்றியவர்களும் உண்டு. அவர்கள் இந்த வழக்கத்துக்குச் செய்த உபகாரம் போதிய அளவு பாராட்டப்படவில்லை. கார்த் நிக்ஸ் 1995-இல் எழுதிய ‘சாப்ரியல்’ நாவலில், இறந்தவர்களை மீண்டும் மரணத்துக்குள் அனுப்புவதே கதாநாயகியின் குலத்தொழில். அதற்குரிய கருவிகள் ஏழு மணிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்குணமும் உண்டு. கடைசி மணி, கேட்பவர்களோடு அடிப்பவரையும் மரணத்துக்குள் இழுத்துச் செல்லும். அந்த மணியை அடித்து மகளைத் தப்பவைப்பவர் அவளுடைய தந்தை. பிள்ளையை முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்காத ஒரு தந்தையை இந்த இலக்கியத்தில் சந்திப்பது அபூர்வம். காதல் கதை அவசரமாக ஒட்டவைக்கப்பட்டிருப்பதும், தொழில் இரத்த உறவால் மட்டுமே வந்து சேர்வதும் இதன் குறைகள்.

டெர்ரி ப்ராட்செட் அந்த இரத்த உறவையும் தளர்த்திவிட்டார். 2003-இல் வந்த ‘தி வீ ஃப்ரீ மென்’ நூலின் டிஃபனி, சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி. தம்பியைத் தேவதை அரசி கவர்ந்து செல்ல, இரும்பு வறுவல் சட்டி ஒன்றை ஆயுதமாக ஏந்திப் புறப்படுகிறாள். அவள் சூனியக்காரி ஆக விரும்பியதற்குக் காரணம் தீர்க்கதரிசனம் அன்று. அவ்வூரில் தனியே வாழ்ந்த ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சந்தேகித்து ஊரார் வீட்டை விட்டு விரட்டினார்கள். அவள் பனியில் கிடந்து இறந்தாள். இனி இத்தகைய கொடுமை நடக்கக்கூடாது, நடக்க நான் விடமாட்டேன் என்று அந்தச் சிறுமி தீர்மானித்தாள். அடுத்த நூலில் அவள் பயிற்சிக்குச் செல்லும்போது, கற்பது பெரும்பாலும் மந்திரம் அன்று. கிழவர்களுக்குக் கால் நகம் வெட்டுவதும், நோயாளியின் வீட்டில் விறகு இருக்கிறதா என்று பார்ப்பதும், பிரசவத்துக்கு ஓடுவதுமே. ஊரின் நடுவில் நிகழ்ந்த ஒரு பாவத்திலிருந்து பொறுப்பு பிறக்கிறது. அது நாள்தோறும் செய்யும் சேவையாக நிலைபெறுகிறது. ஹாரியின் நூல்களில் நான் தேடிக் காணாத திருத்தம் இங்கே இருக்கிறது. நகைச்சுவை எழுத்தாளர் என்ற பெயர் ப்ராட்செட்டுக்கு ஒரு திரையாகிவிட்டது. இந்த நூல்களின் அறத் தெளிவை விமரிசகர்கள் இன்னும் முழுமையாக உணரவில்லை என்பது என் வருத்தம்.

ஃபிலிப் புல்மனின் மூன்று பாக நாவலைப் பற்றி எனக்கு இருமனம். 1995-இல் தொடங்கி 2000-இல் முடிந்த அந்த நூல்வரிசையின் மூன்றாம் பாகம், பிரிட்டனின் விட்பிரட் பரிசில் ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் குழந்தை நூல். ஆயினும் அதே பாகத்தில்தான் கதை மெலிந்து பிரசங்கம் தடிக்கிறது. பாத்திரங்கள் தங்கள் வாயால் அல்லாமல் ஆசிரியரின் வாயால் பேசும் பக்கங்கள் பல. ஆனால் முடிவு அந்தக் குறைகளையெல்லாம் மீறி எழுந்து நிற்கிறது. உலகங்களுக்கிடையே உள்ள துவாரங்கள் எல்லாம் மூடப்பட வேண்டும். ஒன்றே ஒன்றைத் திறந்துவைக்கலாம். அதை லைரா என்ற சிறுமியும் வில் என்ற சிறுவனும் தங்கள் காதலுக்கு வைத்துக்கொள்ளாமல், இறந்தோர் உலகில் அடைபட்ட ஆவிகள் வெளியேறுவதற்காக விட்டுக்கொடுத்துப் பிரிகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: உண்மையைக் காட்டும் கருவியை எந்தக் கல்வியும் இல்லாமல் தன்னியல்பாகவே படிக்கத் தெரிந்திருந்த லைரா, அந்த வரத்தை இழந்து, இனி ஆண்டுக்கணக்காக ஏடுகளைப் புரட்டி அதை முறையாகக் கற்க வேண்டும் என்ற நிலைக்கு வருகிறாள். வரம் போய்ப் படிப்பு தொடங்குகிறது. குழந்தைப் பருவம் கழிவதை இதைவிட உண்மையாக ஒருவர் சொல்ல முடியுமா?

மீண்டும் லெ குவின் அம்மையாரிடம் வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வழக்கத்தோடு ஆயுள் முழுவதும் வாதாடியவர் அவர் ஒருவரே. 1971-இல் வந்த ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ நாவலில், முந்திய பூசாரியின் மறுபிறப்பு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட டெனார், ஐந்து வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, தன் பெயரும் பறிக்கப்பட்டு, இருண்ட தெய்வங்களுக்கு விழுங்கக் கொடுக்கப்பட்டவளாகக் கல்லறைகளுக்கடியில் வாழ்கிறாள். தேர்ந்தெடுக்கப்படுவதைப் பெரும் பேறாகக் கொண்டாடும் நூல்களுக்கு நடுவே, அது ஒரு குழந்தையை உயிரோடு புதைப்பதாகவும் இருக்கலாம் என்று அன்றே எழுதியவர் அவர். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் நூலில் கெட், மரணத்தின் வாயிலை மூடும் முயற்சியில் தன் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடுகிறான். 18 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-இல், ‘டெஹானு’ நாவலில் அந்த ஆற்றலற்ற கெட்டை, வெட்கத்தோடும் மனக்கசப்போடும் மறைந்து திரிந்து, மீண்டும் ஆடு மேய்க்கப் போகும் நடுவயது மனிதனாகக் காட்டினார். வீரனின் மறுநாளை எழுத அவருக்குத் துணிவு இருந்தது. வீரசாகசத்தை எதிர்பார்த்த வாசகர்களுக்கு அந்த நாவல் ஏமாற்றம் அளித்ததில் வியப்பில்லை. எனக்கோ அதுவே அவருடைய மிக முதிர்ந்த நூல்.

அந்த நூலிலும் ஓர் இடறல் உண்டு. நெருப்பில் தள்ளப்பட்டு முகத்தில் பாதியும் ஒரு கையும் கருகிய தெர்ரு என்ற குழந்தையை டெனார் எடுத்து வளர்க்கிறாள். அக்குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை எந்த மந்திரமும் ஆற்றாது என்பதுதான் நாவலின் துயரம். ஆனால் இறுதியில், டெனாரும் கெட்டும் ஒரு தீய மந்திரவாதியின் பிடியில் செயலற்று நிற்கும்போது, அந்தக் குழந்தையே மலை விளிம்புக்கு ஓடி, முதுபெரும் நாகத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறது. நாகம் வந்து எதிரிகளை எரித்துவிடுகிறது. குழந்தையும் நாகத்தின் இனமே என்று தெரிகிறது. கண்டித்து எழுதிய வழக்கமே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று முதல் வாசிப்பில் எண்ணினேன். அந்த எண்ணத்தை இப்போதும் முழுவதும் விட்டுவிடவில்லை, ஏனென்றால் துன்புற்ற குழந்தை பெரியவர்களைக் காக்க வேண்டியதாகிறது என்ற அநீதி அந்தக் காட்சியில் அப்படியே இருக்கிறது. ஆயினும் அதற்கடுத்து நடப்பதில் ஒரு வித்தியாசம் காண்கிறேன். இவர்களை விட்டு வருவாயா என்று நாகம் கேட்கிறது. இவர்களோடு இருக்கவே விரும்புகிறேன் என்கிறது குழந்தை. நாகமும் அந்த விடையை மதித்து, காலம் வரும்போது வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறது. நான் வாசித்த இத்தனை நூல்களில், அழைப்பு நேரில் வந்து நின்றபோது, இப்போது வரமாட்டேன் என்று சொல்லவும், சொன்னபடி வீட்டில் தங்கவும் உரிமை பெற்ற பிள்ளை அந்த ஒருத்திதான்.